மேல்மலை இறப்பர் மரங்கள் கேட்ட பாட்டு

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறப்பர் மரங்கள் குத்துப்பாட்டுக் கேட்டுக் கூடுதலாகப் பால் சுரக்கின்றன என்று ஒரு கதை போன வருடம் கிளம்பியது. குருவிட்டையில் நான் கேட்டபோது மரங்கள் பாட்டுக் கேட்டதாக மட்டும்தான் இருந்தது. எஹெலியகொடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவை தலையாட்டத் தொடங்கியிருந்தன. கதை பஸ் மாறிக் கேகாலை வரை போயிருந்தால் ஜோடி சேர்ந்து ஆடியிருக்கவும் கூடும். அதற்குமுன் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று பட்டது.

விசாரணையை இரத்தினபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே, நிலாம் நாநாவின் ஃபோன் கடையில் தொடங்கினேன். ஃபோன் திருத்துவதும் மெமரி சிப்பில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும் அவர் தொழில். ஊரில் பெரிய மனிதர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மேடையில் கர்நாடக சங்கீதத்துக்குத் தலைமை தாங்கும் ஒரு சட்டத்தரணி எதை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று கேட்டால், நாநா கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். வைத்தியர்கூட நோயாளியின் இரகசியத்தை இவ்வளவு பத்திரமாகக் காப்பதில்லை. ஆனால் மரத்தின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"கதையில்ல, மெய்தான். சின்னத்தொரை வந்து ஸ்பீக்கர் ஒண்டு வாங்கின. ஆருக்கு சேர், எண்டு கேட்டேன். மரத்துக்குண்டு சொன்ன" என்றார். "மழையில நனஞ்சா கேரண்டி இல்லண்டு சொல்லித்தான் குடுத்த."

இப்படித்தான் அந்தச் சின்னத்துரை உதவி அதிகாரியாக இருக்கும் தோட்டத்துக்குப் போனேன். பெயரை எழுத வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். பலருடைய காலைத் தூக்கம் அதில் அடங்கியிருக்கிறது.

ஸ்பீக்கர் இருந்தது. மேல்மலை என்று அவர்கள் சொல்லும் பகுதியில், ஒரு முற்றிய இறப்பர் மரத்தில், மழைக்குப் பயந்து பொலித்தீன் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு தொங்கியது. ஆனால் அதிலிருந்து வந்தது குத்துப்பாட்டு அல்ல. பரலோகத்தைப் பற்றிய மெதுவான ஜெபப்பாட்டு. மரங்கள் மரங்களாகவே நின்றன. வதந்தி பாதி பொய் என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பேன். கீழே பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்த திரேசா என்கிற பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் மரத்துக்குக் காது இருக்கான்னு பார்க்க வந்தீங்களா? ஜெனிற்றாவைப் பாருங்க, அவளுக்குத்தான் வாய் இருக்கு" என்றிராவிட்டால்.

ஜெனிற்றாவுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவள். கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வந்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவார். ஒல்லியான உருவம். பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் அவள் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஆறு நாள் இப்படி இருப்பவள், ஏழாம் நாள் வேறு ஆள். தோட்டத்துக் கோடியில் தகரக் கூரை போட்ட ஜெபவீட்டில், ஞாயிறு தோறும் மைக்கைப் பிடித்து முன்னால் நின்று பாட்டை எடுப்பவள் அவள்தான். அந்த மைக்கைப் பிடிக்கிற நேரத்தில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரின் மனைவியும் அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜெனிற்றாவுக்கு உலகத்தில் இருந்த சொத்து அந்த மைக் ஒன்றுதான்.

அந்தச் சபையில் ஒரு சட்டம் உண்டு. சினிமாப் பாட்டுக்கு அங்கே உலகப் பாட்டு என்று பெயர். உலகப் பாட்டுப் பாடுகிறவர் மைக்கைத் தொடக் கூடாது. கடைசி வாங்கில் உட்கார வேண்டும். மனம் திரும்பியவர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஜெனிற்றா தன் சாட்சியை எப்போதோ சொல்லிவிட்டாள். மைக் கிடைப்பதற்கு முன்னால், நிலாம் நாநாவின் கடையில் ஏற்றிய பாட்டுகள் அடங்கிய மெமரி சிப்பைக் கொண்டுவந்து, சபையார் பார்க்க, அம்மியில் வைத்து உடைத்தாள். சிப்பு உடையாமல் இரண்டு முறை துள்ளி ஓடியதாகவும், அதற்குள் பிசாசு இருந்ததற்கு அதுவே அத்தாட்சி என்று பாஸ்டர் ரொபர்ட் பிரசங்கித்ததாகவும் சொல்கிறார்கள். பாஸ்டரும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். இரட்சிக்கப்படுவதற்கு முன் கல்யாண வீடுகளில் டிரம்ஸ் அடித்தவர்.

இனிச் சின்னத்துரைக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு வந்த சிங்கள இளைஞர், நல்ல மனிதர், எதைக் கண்டாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டார். பால் நிறுக்கும் இடத்தில் ஜெனிற்றாவின் வாளி மட்டும் மற்றவர்களுடையதைவிட எப்போதும் கனமாக இருப்பதை அவர் கண்டுவிட்டார். மரங்கள் ஒரே வயது, ஒரே மண். ஒருநாள் விடியப் போகும் நேரத்தில் காய்ச்சல்கார நாய்க்கு வைத்தியரைத் தேடிக்கொண்டு ஜீப்பில் கிளம்பியவருக்கு, மேல்மலையிலிருந்து முழு இசைக்குழு ஒன்று வாசிப்பது கேட்டது. மேளம் இருந்தது, நாதஸ்வரம் இருந்தது, ஆண் பெண் குரல் இருந்தது. நாயின் கவலையில் நேரத்தை மட்டும் அவர் கவனிக்கவில்லை. காலையில் ஜெனிற்றாவைக் கூப்பிட்டு ரேடியோவைக் காட்டச் சொன்னார். ரேடியோ இல்லை என்றாள். அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் சிரித்தார். வெளிநாட்டில் மாட்டுக்குப் பாட்டுப் போட்டால் பால் கூடுகிறதாம், மரமும் அப்படித்தான், நீ செய்தது நல்ல காரியம் என்று சிங்களத்தில் விளக்கினார். பிறகு கேட்டார்:

"அக்கே, மொன சிந்துவத?"

என்ன பாட்டு என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அது மாலைக்குள் சபைக்குப் போய்விடும். ஜெனிற்றா தரையைப் பார்த்துக்கொண்டு, ஜெபப்பாட்டு சேர் என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் பிடித்துக்கொண்டது. சின்னத்துரை ஸ்பீக்கர் வாங்கினார். பௌத்தரான அவர் தமிழ் ஜெபப்பாட்டுகளைத் தேடி எடுத்துக் கத்தோலிக்க, சைவ, பௌத்த மரங்கள் எல்லாவற்றுக்கும் பாரபட்சமின்றிப் போட்டார். ஒரு மரமும் மதம் மாறவில்லை. மற்றவர்களின் வாளியில் பால் கூடவில்லை. ஜெனிற்றாவின் வாளி மட்டும் பழையபடி கனத்தது. சின்னத்துரை குழம்பினார். பாஸ்டர் ரொபர்ட் குழம்பவில்லை. பால் ஸ்பீக்கரிலிருந்து வருவதல்ல, சிஸ்டரின் விசுவாசத்திலிருந்து வருவது என்று அவருக்கு உடனே தெளிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெனிற்றா மேல்மலை அற்புதத்தைப் பற்றிச் சாட்சி சொல்வாள் என்று அறிவித்தார். அவிசாவளைச் சபையிலிருந்து ஆட்கள் வேனில் வருவதாக ஏற்பாடு. நான் போய் இறங்கியது அந்த வாரத்தில்.

ஆக ஜெனிற்றாவுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. சாட்சி மேடையில் நின்று பொய் சொல்ல வேண்டும், அல்லது மைக்கை விட வேண்டும். பொய் சொல்ல அவளுக்குப் பயம். சின்னத்துரையிடம் சொன்னது துரையிடம் சொன்னது. சபையில் சொன்னால் அதைக் கேட்பவர் வேறு.

இதற்கிடையில், அந்த வாளி ஏன் கனக்கிறது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. திரேசா எனக்கு அதைச் சொன்னபோது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"அவ பிரட்டுக்கு முன்னாடியே மலைக்குப் போயி பாதி மரத்தை வெட்டிருவா, சேர். ஆளு இல்லாதப்ப பாடணுமே. அந்தக் குளிருல வெட்டினா எந்த மரமும் பால் கொட்டும். பொறகு ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து பேர் குடுப்பா."

அப்படியானால் அதைச் சின்னத்துரையிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?

"சொன்னா? நாளைக்கே பிரட்டை அந்த நேரத்துக்கு மாத்திருவாரு. அவளுக்குப் பாட்டுக் கிறுக்கு, எந்திரிக்கிறா. எங்களுக்கு என்ன கிறுக்கு? மரத்துக்குக் காது இருக்குன்னே இருக்கட்டும்."

ஒரு விஞ்ஞானக் கொள்கையை ஒரு லயம் முழுவதும் சேர்ந்து இப்படித் தூக்கத்துக்காகக் காப்பாற்றியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கண்டக்டருக்கும் தெரியும். பிரட்டு முந்தினால் அவரும்தானே எழும்ப வேண்டும்.

சனிக்கிழமை விடியுமுன் திரேசாவின் கணவர் என்னை மேல்மலைக்குப் பாதி வழி கொண்டுவந்து விட்டார். அதற்கு மேல் வர மாட்டேன் என்றார். அவள் பாடும்போது போய் நிற்பது, குளிக்கும் இடத்துக்குப் போவது போல என்றார். நான் போனேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு அந்த அளவு வெட்கம் கிடையாது.

முதலில் மேளம் கேட்டது. வெறும் வாளியைக் கத்திப் பிடியால் தட்டுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது. அதன்மேல் நாதஸ்வரம். அது அவள் மூக்கிலிருந்து வந்தது. ஏமாற்றிவிட்டு ஓடிய லொறிக்காரன் ஒருவனை ஒருத்தி வழிமறித்து, அவன் டயரிலிருந்து அவன் தாய்வழி வரைக்கும் திட்டித் தீர்க்கிற பாட்டு அது. படத்தில் வந்த காலத்தில் நல்ல குடும்பங்கள் வொலியூமைக் குறைத்த பாட்டு. அதை ஜெனிற்றா ஒரு சொல் விடாமல் பாடினாள். பெண் குரல் முடிந்ததும் தொண்டை தடித்து லொறிக்காரனாகிப் பதில் சொன்னாள். கூட்டத்தினர் "ஏய்" போட வேண்டிய இடத்தில் நாலு பேராகி "ஏய்" போட்டாள். இடையிசையில் லொறி ஹார்ன் அடித்தது.

தலையில் கட்டிய லைட்டின் வெளிச்சம் மரத்துக்கு மரம் தாவியது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெட்டு. கத்தி சரிவாக இறங்கும், பட்டை சுருள் சுருளாகக் கழன்று விழும், வெள்ளைக் கோடு பிறந்து சிரட்டையை நோக்கி ஓடும். அடுத்த மரத்துக்கு அவள் நடக்கவில்லை. இடுப்பை வெட்டிக்கொண்டு, குதிகாலால் சருகை மிதித்து, ஆடிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கின் முன்னால் ஒரு விரல்கூட அசைக்காமல் நிற்கிற உடம்பு. இருட்டில் அந்த மலைச் சரிவு முழுவதும் அவளுடையதாக இருந்தது. நான் பெரிய மேடைகளில் பெரிய பாடகர்களைக் கேட்டவன். அங்கே நான் குறிப்பெடுக்க மறந்தேன்.

பாட்டு முடிந்து திரும்பியவளின் லைட் என் முகத்தில் விழுந்தது. கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், ஏதோ அதுதான் குற்றம் போல. நான் யார் என்று திரேசா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

சிப்புத்தான் உடைந்துவிட்டதே, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் போடுகிறார்கள், காது கேட்கிறது, தான் என்ன செய்ய என்றாள். அரசாங்க பஸ்ஸில் பாட்டுக் கிடையாதே என்றேன். லைட்டின் வெளிச்சம் என் முகத்திலிருந்து இறங்கி அவள் காலடியில் விழுந்தது. அரசாங்க பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த தனியார் பஸ்ஸுக்கு நிற்பதாக ஒப்புக்கொண்டாள். ஒரு தடவை கேட்டால் போதுமாம், மேளம் உட்பட ஒட்டிக்கொண்டுவிடுமாம். சிங்களப் பாட்டும் ஒட்டும். அதில் வருகிற வயலினுக்கு மட்டும் தன் மூக்கு பத்தாது என்று வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாடுவதில் இந்தச் சந்தோஷம் இல்லையா?

அவள் யோசித்தாள். "அதுவும் பொய்யில்ல, சேர். அங்க பாடுறப்ப நெஞ்சு நிறையும். இது கால்ல இருந்து வருது. வேணாம்னு நடுவுல மூணு மாசம் வாயைக் கட்டிப் பார்த்தேன். காய்ச்சல் வந்திருச்சு."

நாளைக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. கீழே பிரட்டுக்குச் சங்கு ஊதியது. பிடவையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தைப் போட்டுக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குள் இடமில்லை. அவிசாவளை வேனும் வந்துவிட்டது. வெளியே யன்னல்களை அடைத்துக்கொண்டு சபைக்குச் சம்பந்தமில்லாத பெண்கள் நின்றார்கள். திரேசா மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு வந்திருந்தாள். முருகன் கோவில் திருநீற்றோடு மூன்று பேர், பக்கத்துக் கிராமத்திலிருந்து கைக்காசுக்குப் பால் வெட்ட வரும் பிரேமலதா என்கிற சிங்களப் பெண். அவர்கள் அற்புதத்துக்காக வரவில்லை. பிரட்டு நேரம் அன்று ஜெனிற்றாவின் நாக்கு நுனியில் நின்றது.

பாஸ்டர் ரொபர்ட் மேல்மலையை, எக்காள ஓசையில் விழுந்த எரிகோவின் மதிலோடு ஒப்பிட்டு முடித்து மைக்கைக் கொடுத்தார். ஜெனிற்றா அதை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு, பக்கத்து அறைக்குக் கேட்காத அந்தக் குரல் ஸ்பீக்கரில் பெரிதாக வந்தது.

"பாஸ்டர், நான் மலையில பாடுனது கர்த்தருடைய பாட்டு இல்ல. சினிமாப் பாட்டு." மூச்சு விட்டாள். "அதுவும் நல்ல சினிமாப் பாட்டு இல்ல."

பாஸ்டர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவரும் மனிதர்.

"எந்தப் பாட்டு, சிஸ்டர்?"

லொறிக்காரன் பாட்டு என்றாள். அது வந்த படத்தின் பெயரையும் சொன்னாள்.

முன் வரிசையில் இருந்த ஜெறோம் அண்ணன் சபையின் மூப்பர். காணிக்கைப் பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். "அந்தப் படத்தில இல்ல சிஸ்டர். அதுக்கு அடுத்த படம். ரெண்டாவது பாட்டு."

"ஆமாண்ணே, நீங்க சொல்றது சரி" என்றாள் ஜெனிற்றா.

ஜெறோம் அண்ணனுக்குத் தான் சொன்னதைத் தானே கேட்டு முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சபை முழுவதும் அவரைப் பார்த்தது. பாட்டின் பெயரைக் கேட்டதுமே பல வாங்குகளுக்கு அடியில் பாதங்கள் லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். பாஸ்டரின் விரல்கள் வேதப் புத்தகத்தின் அட்டையில் இருந்தன. அவை போட்ட தாளம் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. அவரும் அதைக் கண்டு, கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எவ்வளவு காலமாக என்று கேட்டார். சிப்பு உடைத்த அடுத்த வாரத்திலிருந்து என்றாள். அடுத்த கேள்வியை அவர் இயல்பாகத்தான் கேட்டார். பால்வெட்டும் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது தோன்றும்தானே.

"எந்த நேரத்தில, சிஸ்டர், ஆள் கேட்காம பாடுவீங்க?"

யன்னல்கள் மூச்சை நிறுத்தின. ஜெனிற்றா திரும்பி யன்னலைப் பார்த்தாள். அங்கே திரேசாவின் முகம் கம்பிகளுக்கு நடுவில் அப்படியே இறுகிப் போயிருந்தது. பொய் சொல்லவும் முடியாது, நேரத்தைச் சொல்லவும் முடியாது.

"மரத்துக்கிட்ட நிக்கிறப்ப, பாஸ்டர்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. மைக்கை மெதுவாகத் தாங்கியில் வைத்துவிட்டு, நடுவழியே நடந்து, கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே. சற்றுப் பொறுத்து ஜெறோம் அண்ணனும் எழுந்தார். காணிக்கைப் பெட்டிச் சாவியைப் பாஸ்டரின் மேசையில் வைத்துவிட்டுப் போய் அவளுக்கு அடுத்த இடத்தில் அமர்ந்துகொண்டார்.

பாஸ்டர் பாட்டைத் தானே எடுத்தார். டிரம்ஸ் அடித்தவருக்குச் சுருதி பிடிபடவில்லை. முதல் அடி ஒரு பக்கமாகவும் இரண்டாம் அடி இன்னொரு பக்கமாகவும் போனது. அவிசாவளைக்காரர்கள் வேறு ஒரு மெட்டில் புகுந்தார்கள். மூன்றாம் அடியில் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்தது. மைக் இல்லை. மேல்மலையில் கேட்ட அதே குரல், காலிலிருந்து வருவது. கையில் ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, தோளும் தலையும் அசைந்தன. தகரக் கூரை அதிர்ந்து கொடுத்தது. சபை முகத்தைப் பாஸ்டரிடம் வைத்துக்கொண்டு காதைப் பின்பக்கம் கொடுத்துப் பாடியது. யன்னலில் நின்ற திருநீறுகளும் பிரேமலதாவும் சொல் தெரியாத இடங்களில் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள். பாஸ்டர் பாடுவதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். என் கேலிப் பேச்சுகளுக்கெல்லாம் அந்த இடத்தில் வேலை இருக்கவில்லை.

அறுவடைப் பண்டிகை வரைக்கும் அவள் மைக்கைத் தொடக் கூடாது என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். சட்டம் சட்டம்தான். திங்கட்கிழமைக்குள் செய்தி சின்னத்துரைக்குப் போய்விட்டது. அவர் கோபிக்கவில்லை, பாட்டைத் தவறாகத் தெரிந்தெடுத்ததுதான் பிழை என்று கண்டுபிடித்து, பரலோகத்தை இறக்கிவிட்டு லொறிக்காரனை ஏற்றினார். இப்போது மேல்மலையில் பகலெல்லாம் குத்துப்பாட்டு. பால் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் பேர் கொடுக்காமல் வீட்டில் நிற்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர் அதற்கும் ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஞாயிறு மாலையே லயத்துக் குழாயடியில் பெண்கள் ஜெனிற்றாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் வாயிலிருந்து நேரம் வந்திருந்தால் தங்கள் கதி என்ன, இதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று திரேசாதான் தொடங்கினாள். கோழி சமைத்துக் கொடுக்கவா என்று கேட்டாள். ஜெனிற்றா குடத்தைக் கவிழ்த்து அலசினாள்.

"கோழி வேணாம் அக்கா. ஒரு நாள் என்கூட மலைக்கு வாங்க. என் நேரத்துக்கு. 'ஏய்' போட ஆளில்லாம தொண்டை போகுது."

எல்லோரும் திரேசாவைப் பார்த்தார்கள். கைம்மாறு என்ற பேச்சை எடுத்தவள் அவள். வாறேன்டி என்றாள், நாளைக்கே வாறேன்.

போன வாரம் ஜெனிற்றாவோடு ஃபோனில் பேசியபோது கேட்டேன். முதல் வாரம் திரேசா அக்காவுக்குக் கால் வலியாம். பிறகு மழையாம். அதற்குப் பிறகு எழுப்பச் சொல்லியிருந்தாளாம். ஜெனிற்றா போய்க் கதவைத் தட்டினால், உள்ளே போர்வைக்குள்ளிருந்து நாளைக்கு என்று குரல் வந்ததாம்.